ஜெபம் பண்ணிய கார்

ஒரு காரின் முன்மூடியில், அதுதான் பொனற்றில், எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் காரின் அடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. இது டென்மார்க் அரசாங்கத்தின் சட்டமில்லை, ஜீவகிரணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் சட்டம். எங்கும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் கிருபாஷினியைத் தவிர அங்கே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவள் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருசம்தான். அதிலும் மட்டக்களப்பாள். யாழ்ப்பாணத்தார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இதையெல்லாம் யார் இருத்திவைத்துச் சொல்லிக் கொடுக்கப்போகிறார்கள்?

அவளுக்கு ஒரு கார் வேண்டும், அவ்வளவுதான். நவம்பர் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அவள் இருக்கிற கிரின்ஸ்டெட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீற்றர் தள்ளி ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் அவள் சீருடையோடு நிற்கவேண்டும். அந்தப் பக்கம் பஸ் ஓடாமலில்லை. முதல் பஸ் எட்டேகாலுக்குத்தான் ஓடும். "உனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் பஸ்ஸை நம்பி வந்து வேலையை விட்டவர்கள். உன்னிடம் கார் இருக்கிறதா?" என்று நேர்முகத்தில் பொறுப்பாளர் கேட்டபோது, "இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் என்ன செய்வாள்? இரண்டு வருசம் கோழித் தொழிற்சாலையில் விறைத்துப்போய் நின்று பொதி கட்டியவள். பிறகு பதினாலு மாதம் படித்து, வயதானவர்களைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் டெனிஷில் அறிக்கை எழுதவும் பழகிப் பரீட்சையும் பாஸ் பண்ணியவள். ஊரில் வைத்திருந்த லைசென்ஸ் இங்கே செல்லாது என்று அதையும் புதிதாகப் பழகி, ஒருமுறை தவறி, இரண்டாம் முறை எடுத்தவள். இவ்வளவும் செய்தவளுக்கு ஒழுங்காக ஓடும் ஒரு பழைய கார் கிடைக்காதா என்றால், கிடைக்காது. ஏனென்றால் அந்தச் சபையில் கார் என்றால் தேவராஜா.

தேவராஜா சபையின் மூப்பர். எண்பத்தாறில் வந்தவர். வீட்டுக்குப் பின்னால் பெரிய கராஜ் வைத்திருந்தார். ஏலத்தில் எடுக்கிற பழைய கார்களைத் திருத்தி, கழுவி, மினுக்கி, கிரின்ஸ்டெட்டிலிருந்து ஸ்கீவ வரை உள்ள தமிழ்ச் சனத்துக்கு விற்றார். கட்டளைகள் பத்து என்றுதான் வேதத்தில் இருக்கும். அந்தச் சபையில் பதினோராவதும் ஒன்று இருந்தது: தேவராஜா அண்ணையிடம் அன்றி வேறொருவரிடமும் கார் வாங்காதிருப்பாயாக. கிருபாஷினியின் புருசன் சுஜிந்தன் ஓடுகிற காரும் அவரிடம் வாங்கியதே. வாங்கியதோடு விட்டதா? சனிக்கிழமை தோறும் காலையில் போய்ப் பொழுது படும்வரை அவருடைய கராஜில் சம்பளமில்லாமல் வேலை செய்தான். அதற்கு ஊழியம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்ட் வாசிப்பதும் ஊழியம். வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவி வைக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு வலிக்கும்.

அவனுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. இரண்டு மணிக்குத் தொடங்கும். அவளுக்கு மூன்று மணிக்குத்தான் முடியும். ஒரு காரை இருவரும் மாறி மாறி ஓட வழியில்லை.

ஒக்ரோபர் நடுவில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், "எல்லாரும் ஒருக்கா வெளியில வாங்கோ" என்று தேவராஜா கூப்பிட்டார். வாடகை மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் சின்ன நீலக் கார் ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வாராவாரம் காரோடி வருகிற பாஸ்டர் லூக்காஸ், கோட்டுப் பைக்குள்ளிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து பொனற்றில் பூசினார். நாற்பது பேரும் காரில் கைவைத்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில் கைவைத்தார்கள்.

"கர்த்தாவே, எங்கட சகோதரி கிருபாஷினிக்கு நீர் தந்த இந்த வாகனத்துக்காக ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் முழங்கினார்.

கிருபாஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தாயிற்றா? அவள் அந்தக் காரைக் கண்ணால் கண்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றான்.

ஆமென் சொன்ன ஈரம் காயமுதல் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணை, ஒருக்கா அடியையும் ஆருக்காவது காட்டிப்போட்டு எடுப்பமே?"

கூடப் படித்த டெனிஷ்காரிகள் எல்லோரும் அவளுக்குச் சொன்ன ஒரே புத்தி அதுதான். பழைய கார் வாங்குவதென்றால் மேலே பார்க்காதே, கீழே பார். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற நாடு, இங்கே கார்கள் அடியிலிருந்துதான் துருவேறிக் கறள் பிடித்துச் சாகும் என்றார்கள். மனதில் ஒரு குற்றமும் வைத்துக்கொண்டு அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த நாற்பது பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற தாயை அடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

தேவராஜாவின் மனைவி சரோஜினிதேவிதான் முந்தினார். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே பிள்ளை?"

"தானமில்லையே அக்கா. காசு குடுத்தெல்லோ வாங்கிறம்."

"கடவுள் பாத்த காரை இனி ஆர் பாக்கக் கிடக்கு?"

பாஸ்டர் போத்தலின் மூடியைத் திருகியபடி, "சந்தேகத்துக்கு இடம் குடாதேங்கோ சகோதரி" என்றார். தேவராஜா மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காட்டியே மனுசன் நூறு கார் விற்றிருப்பார். சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"விடுங்கோ, பிள்ளைக்குப் பயம். இந்தாரும் திறப்பு. ரெண்டு கிழமை வச்சு ஓடிப்பாரும். பிடிச்சால் எடும், காசைப் பிறகு பாப்பம். ஏப்ரல்ல சூன் பாஸ் பண்ணின கார் இது."

சூன் என்றால் அரசாங்கப் பரிசோதனை. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை எல்லாக் காரும் போய் நிற்கவேண்டும். பாஸ் பண்ணாத கார் ரோட்டில் ஓட முடியாது. தேவராஜாவின் கார்கள் எப்படியோ பாஸ் பண்ணிக்கொண்டே இருந்தன.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சுஜிந்தன் தொடங்கினான். "உமக்கென்ன விசரே? எல்லாருக்கும் முன்னால என்ர முகத்தில கரி பூசிப்போட்டீர். அந்த மனுசன் எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கு!"

"என்ன செய்தவர்? சனிக்கிழமை சனிக்கிழமையா உங்களைப் பிழிஞ்செடுக்கிறார், அதைத்தான் செய்தவர்."

"வாயைப் பொத்தும்!"

அவர்களுடைய மகள் நவோமிக்கு ஐந்து வயது. அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து, ஏன் கத்துகிறீர்கள் என்று டெனிஷில் கேட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, கார் நன்றாகத்தான் ஓடியது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் அதில் கடைக்குப் போனாள். முதியோர் இல்லத்துக்கும் ஒருமுறை ஓடிப் பாதை பழகினாள். அவளுக்கே மனம் இளகியது. இருந்தாலும் கேட்ட கேள்விக்கு விடை வேண்டாமா? புதன்கிழமை காலை சூன் மண்டபத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் விட்ட பிழை அதுதான். வேறு ஏதாவது கராஜில் காட்டியிருந்தால், பார்த்துவிட்டுக் காதோடு காதாக விசயத்தைச் சொல்லித் திறப்பைக் கையில் தந்திருப்பார்கள். அது அவளுக்குத் தெரியாது. சபைக்காரர் வாயில் எந்நேரமும் சூன், சூன் என்று கேட்டுக் கேட்டு, கார் பார்ப்பதென்றால் சூன்தான் என்று நினைத்துவிட்டாள்.

பரிசோதகன் உயரமானவன், மொட்டைத் தலை, சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. காரை மேலே உயர்த்தி அடியில் நின்று சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனான். டிங், டிங் என்று கேட்டது. பின்சக்கரச் சில்லுக்குக் கிட்ட வந்ததும் பொத்தென்று கேட்டது. திரும்பவும் தட்டினான். திரும்பவும் பொத். ஸ்குறூ டிரைவரை எடுத்துக் குத்தினான். அது வெண்ணெய்க்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் போனது.

"இங்கே வா, பார்" என்றான்.

அடி முழுக்கத் தார் மாதிரிப் புதுக் கறுப்புப் பூச்சு. அதை அவன் சுரண்டச் சுரண்டக் கறள் பொலபொலவென்று கொட்டியது. கறளுக்கு மேலே தகரத் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். மீன் அடைத்து விற்கிற ரின்மீன் பேணியை வெட்டி விரித்த தகரம். மீனின் வாலும் பாதி எழுத்தும் இன்னும் அதில் தெரிந்தன.

"உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒரு மகள்."

"எங்கே இருத்துவாய்?"

"பின்னால்."

"இது பின்னிருக்கைக்கு நேர் கீழே. ஒரு நல்ல பள்ளத்தில் விழுந்தால் சில்லு உள்ளே வரும். பிறேக் குழாயையும் அறுத்துக்கொண்டு வரும்."

காரை இறக்கி, முன்னாலும் பின்னாலும் இருந்த நம்பர் தட்டுகளைக் கழற்றினான். "இது என்னுடைய காரில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், மெதுவாக ஓடுகிறேன்" என்று மன்றாடினாள். அவன் தலையை ஆட்டினான். இந்தக் கார் இனி ஓடாது, யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று கடதாசியை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டான்.

அவள் தொலைபேசியில் கூப்பிட, தேவராஜா ஒரு மணித்தியாலத்தில் ட்ரெயிலரோடு வந்தார். கூட இராசநாயகம் வந்திருந்தார். அவர் நாலு பிள்ளைகளின் தகப்பன், சபையின் பொருளாளர், இவ்வளவு நாளும் கிருபாஷினியை வகுப்புக்குத் தன் காரில் ஏற்றிப்போன நல்ல மனுசன். இருவரும் காரை இழுத்து ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். டெனிஷ்காரர்கள் கையில் கோப்பியோடு வேடிக்கை பார்த்தார்கள். ஏற்றி முடிந்த பிறகுதான் தேவராஜா அவளுக்குக் கிட்ட வந்தார். சிரிப்பைக் காணோம்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆரைக் கேட்டு இஞ்ச கொண்டந்தனீர்?"

"அண்ணை, அடியில ரின்மீன் பேணி ஒட்டியிருக்கு."

"பேணியோ கீணியோ, ஓடினதெல்லோ! ஓடின காரைக் கொண்டந்து வெள்ளைக்காரன்ர கையில குடுத்துச் சாக்காட்டிப்போட்டீர்."

ட்ரெயிலர் வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவளை ஏறு என்று ஒருவரும் சொல்லவில்லை. மழைத் தூறலில் நாலு கிலோமீற்றர் நடந்து வீட்டுக்குப் போனாள். நடக்க நடக்க அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று பின்னேரத்துக்குள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜெபத்தில் பிழையில்லை, காரிலும் பிழையில்லை, பிழை முழுக்க அவளுடைய விசுவாசத்தில். சரோஜினிதேவி இன்னும் ஒரு படி மேலே போனார். மட்டக்களப்பார் மந்திரம் செய்து வந்தவனைப் பாயோடு ஒட்டவைக்கிற ஆக்களாம், அவள் கைபட்ட உடனே நல்ல இரும்பு கறள் பிடித்துவிட்டதாம். தொலைபேசி தொலைபேசியாக இந்தக் கதை ஸ்கீவவரை போய் வந்தது. படிப்பு முடிந்த சான்றிதழை எடுக்க வெள்ளிக்கிழமை அவள் வழக்கமான சந்தியில் நின்றபோது இராசநாயகத்தின் கார் வந்தது. வேகம் குறைக்காமல் போனது. அவர் அவளைக் காணாத மாதிரி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

வேறு கார் வாங்கலாமே என்று கேட்பீர்கள். இணையத்தில் எத்தனையோ விளம்பரம் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் சேமித்ததெல்லாம் புருசனின் கணக்கில் கிடந்தது. "தேவராஜா அண்ணையைத் தாண்டி இந்த வீட்டுக்கு ஒரு கார் வராது" என்று சுஜிந்தன் சொல்லிவிட்டான். நாட்கள் கரைந்தன. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கையில், சனிக்கிழமை பொழுதுபட்ட பிறகு, தேவராஜாவும் சரோஜினிதேவியும் வீடு தேடி வந்தார்கள்.

குடையை மடக்குமுன்னே தேவராஜா மேசையில் ஒரு கார்த் திறப்பை வைத்தார். பழைய சிரிப்பு திரும்பவும் வந்திருந்தது.

"சாம்பல் நிறக் கார். வாசல்ல நிக்குது. நாளைக்குச் சபை முடிய உம்மட கையில தாறன். திங்கள் வேலைக்குப் போம். ஒண்டே ஒண்டுதான். நாளைக்குச் சாட்சி நேரத்தில எழும்பி, நான் அவிசுவாசத்தில செய்துபோட்டன், மூப்பரைத் துக்கப்படுத்திப்போட்டன், மன்னியுங்கோ எண்டு ரெண்டு வசனம் சொல்லிவிடும்."

சரோஜினிதேவி தேநீரை ஊதியபடி, "ரெண்டு குடும்பம் சொல்லிவச்ச காரை வேண்டாமெண்டுட்டுது. எல்லாம் உம்மாலதான்" என்றார்.

கிருபாஷினி அந்தத் திறப்பைப் பார்த்தாள். கையை நீட்டினால் வேலை. இரண்டு வசனம்தானே? காற்றோடு போகிற சொல். சொல்லிவிட்டுப் போகலாமே என்று அவளுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. பொய் சொல்லக்கூடாது, வந்தது.

"இதின்ர அடி எப்பிடி அண்ணை?"

தேவராஜாவின் சிரிப்பு அறுந்தது. "திரும்பவும் அடியோ? அடியைப் பற்றி என்னை ஏன் கேக்கிறீர்? உம்மட மனுசனைக் கேளும். அவன்தானே அடிவேலை பாக்கிறவன்! நீலக் காருக்குக் கறுப்பு அடிச்சதும் அவன், பேணி வெட்டி ஒட்டினதும் அவன்."

சுஜிந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் கேட்டாள்.

"மெய்யே?"

"எனக்கு ஆர் எடுக்கப்போறதெண்டு தெரியாது கிருபா. அண்ணை ஸ்கீவவுக்குப் போற கார் எண்டுதான் சொன்னவர்."

"ஸ்கீவவில இருக்கிறதுகள் ஆக்களில்லையே? அதை விடுங்கோ. அண்டைக்கு எண்ணெய் பூசேக்க எனக்குத்தான் எண்டு தெரிஞ்சுதே. பிள்ளை பின்னால இருக்கும் எண்டு தெரிஞ்சுதே. ஆமென் எண்டனீங்களே!"

"எல்லாருக்கும் முன்னால என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்?"

அன்றிரவு நவோமியின் அறையில் பாயை விரித்துப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் செய்த நன்மைகளை எழும்பி நின்று சொல்லுகிற நேரம். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, முழங்கால் வலி மாறியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். தேவராஜா தானே எழுந்து வந்து ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார். கோட்டுப் பைக்குள் திறப்பு கிலுங்கியது. "சகோதரி ஒரு வார்த்தை சொல்லுவா" என்று சபைக்குச் சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் இருந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். "ஸ்தோத்திரம்" என்று நாற்பது வாயும் சொல்லின.

"கர்த்தர் எனக்கு ஒரு நன்மை செய்தவர். நான் அந்த நீலக் காரை வாங்கமுதல் அதின்ர அடியைக் காட்டினவர். பின்சீற்றுக்குக் கீழ இரும்பு இல்லை. கறளும், அதுக்கு மேல ரின்மீன் பேணியும், அதுக்கு மேல கறுப்புப் பெயின்ற்றும்தான். ஒரு பள்ளத்தில விழுந்தால் என்ர பிள்ளை செத்திருக்கும் எண்டு சூன்காரன் சொன்னவன். நான் மன்னிப்புக் கேக்க எழும்பேல்லை."

தேவராஜா பாதி எழுந்தார். பாஸ்டர் கீபோர்ட் பக்கம் திரும்பி, வாசி என்று கையை ஆட்டினார். சபையில் யாராவது சாட்சியை நீட்டிவிட்டால் பாட்டை எடுத்து அமுக்கிவிடுவது வழக்கம். கிருபாஷினி புருசனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். வாசியாதே என்று அவள் சொல்லவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாசித்தான். பாவி, வாசித்தான். வழக்கமான பாட்டு, வழக்கமான தாளம். சரோஜினிதேவி கைகளை உயர்த்திப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஒலிவாங்கியை யாரோ நிறுத்திவிட்டார்கள். கிருபாஷினிக்குச் சன்னதம் வந்ததுபோல ஆகிவிட்டது. கத்தினாள்.

"இஞ்ச இருக்கிற எல்லாற்ற காரும் அந்தக் கராஜில இருந்து வந்ததுதான்! பாடுறதைப் பாடுங்கோ! பாடிப்போட்டுப் போய் உங்கட பிள்ளையள் இருக்கிற சீற்றுக்குக் கீழ ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ!"

ஒலிவாங்கியைக் கதிரையில் எறிந்துவிட்டு, நவோமியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்குப் பின்னால் பாட்டு இன்னும் பலமாக எழும்பியது. காற்று முகத்தில் அறைந்தது. வேலை போய்விட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது சரணத்தில் கதவு திறந்தது. இராசநாயகம் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. சால்வையைக் கழற்றி ஈரத் தார்த்தரையில் விரித்து, வெள்ளைச் சட்டையோடும் கழுத்துப்பட்டியோடும் மல்லாக்கப் படுத்து, தன் காருக்குக் கீழே தலையைக் கொடுத்தார். தொலைபேசியின் வெளிச்சம் அடியில் ஓடியது. விரலால் எதையோ சுரண்டினார். பிறகு அவருடைய குரல் கேட்டது. சபையின் பொருளாளர் சொல்லக் கூடாத ஒரு சொல் அது.

அவருக்குப் பின்னால் இருவர் வந்தார்கள். பிறகு நாலு பேர். பெண்கள் சேலைத் தலைப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார்கள். தரிப்பிடம் முழுக்கக் கால்கள்தான் தெரிந்தன, ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்துப் போட்ட கால்கள். தெருவில் நாயோடு போன ஒரு டெனிஷ் கிழவி நின்று பார்த்துவிட்டு, யாருக்காவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். கடைசியாகப் பாஸ்டர் வந்தார். எண்பது கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் ஓடிப் போகவேண்டிய மனுசன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே முழங்காலில் இருந்தார். ஜெபத்துக்கல்ல.

தேவராஜா வாசலில் நின்று, "இதென்ன பேய்க்கூத்து! எழும்புங்கோ!" என்று கத்தினார். ஒருவரும் எழும்பவில்லை. உள்ளே கீபோர்ட் மட்டும் பாடுவாரில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது.

சுஜிந்தன் வெளியே வந்தான். தன் காருக்குக் கிட்டப் போனான். குனியவில்லை, படுக்கவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். கிருபாஷினி அவனிடம் போனாள்.

"நாளைக்கு நீங்கள் லீவு போடுங்கோ. உங்கட காரை நான் வேலைக்குக் கொண்டுபோறன். திறப்பைத் தாங்கோ."

அவன் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேண்டாம் கிருபா."

"உங்களைக் கேக்கேல்லை, தாங்கோ எண்டு சொல்லுறன். இவ்வளவும் செய்தது போதாதே? வேலையையும் கெடுக்கவேணுமே?"

"அதில்லை." அவன் காரின் அடிப்பக்கம் பார்த்தான். "அதைக் கொண்டுபோகாதையும். அதுக்கும் நான்தான் பூசினனான்."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது காருக்குள்ளே பார்த்தாள். பின்னிருக்கையில் நவோமியின் பிள்ளை இருக்கை வாரோடு கிடந்தது. காலையில் பாலர் பாடசாலைக்கு அவன்தான் கூட்டிப்போவான். இரண்டு குளிர்காலம். ஒவ்வொரு நாளும்.

அவள் கத்தவில்லை. பின்கதவைத் திறந்து, வாரைக் கழற்றி, பிள்ளை இருக்கையை வெளியே எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். வீட்டுக்கு எப்படிப் போவது என்று நவோமி டெனிஷில் கேட்டாள்.

"நடந்து" என்றாள். பிறகு புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் நாளைக்கு விடிய அஞ்சு மணிக்குச் சைக்கிள்ல வெளிக்கிடுவன். முதல் சம்பளம் வரும்வரைக்கும் மிதிப்பன். பிள்ளையை நீங்கள்தான் கொண்டுபோய் விடவேணும். நடத்திக்கொண்டு போங்கோ. மழையெண்டால் தூக்கிக்கொண்டு போங்கோ."